எந்தத் தொண்டையிலிருந்து வந்தாலும்

காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது செண்பகவல்லியின் போனுக்கு ஒரு வாழ்த்து வந்தது. 'வாழ்த்துகள்! இன்று முதல் அலைவரியும் திரைநதியும் ஒன்று. இனி உங்களுக்கு எல்லாமே ஏகம்!' என்று பூவும் பலூனுமாகத் திரை முழுக்கப் பறந்தது. கம்பெனிக்காரன் தானாக வந்து வாழ்த்துகிறான் என்றால் நம் மடியில் கை வைக்கப் போகிறான் என்று அர்த்தம். இது செண்பகத்துக்குத் தெரியாதா என்ன? ஆனால் வாயில் நுரையை வைத்துக்கொண்டு யார் அதையெல்லாம் யோசிப்பது! பலூனைத் தள்ளிவிட்டு வாய் கொப்பளித்தாள்.

அலைவரி அவளுடைய போன் கம்பெனி. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அதுதான். மிச்சமிருந்த சின்னக் கம்பெனிகளை அது ஒவ்வொன்றாக விழுங்கி ஏப்பம் விட்டுப் பல வருஷமாகிறது. திரைநதி டிவி கம்பெனி. சீரியல், செய்தி, சினிமா, கிரிக்கெட் எல்லாம் அவன் கையில். செண்பகத்துக்கு இரண்டு பக்கமும் உறவு உண்டு. அலைவரிக்கு மாசாமாசம் காசு கட்டுவாள், திரைநதியில் டப்பிங் பேசுவாள்.

'ராஜேஸ்வரி'யைத் தெரியாத வீடு தமிழ்நாட்டில் இல்லை. பதினோரு வருஷம் ஓடிய சீரியல். மூன்று மருமகள்களையும் ஒரு ஜவுளி மில்லையும் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்த அந்த மகராசியாக நடித்தவள் ஹைதராபாத்காரி, தமிழில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. அழுதது, சபதம் போட்டது, மன்னித்து நெற்றியில் முத்தம் கொடுத்தது எல்லாம் சாலிகிராமத்து ஸ்டுடியோவில் நின்றுகொண்டிருந்த செண்பகத்தின் தொண்டைதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் திரைநதிக்காரர்கள் அவளிடம் குரல்ரேகை எடுத்துக்கொண்டார்கள். கைரேகை மாதிரி இது குரலுக்கு. அதை வைத்துக் கம்ப்யூட்டரே ராஜேஸ்வரியாகப் பேசிக்கொள்ளும். கையெழுத்துப் போடாதவர்களுக்கு அப்புறம் வேலை இல்லை என்றார்கள். எல்லோரும் போட்டார்கள், இவளும் போட்டாள்.

முகம் துடைத்துக்கொண்டிருக்கும்போது மறுபடி போன் அடித்தது. மதுரையிலிருந்து கண் ஆஸ்பத்திரி.

"கழுகாசலத்தோட அக்காவா? கருவிழி வந்திருக்கும்மா. அவருக்குப் பொருந்துது. சாயங்காலம் நாலு மணிக்குள்ள இங்க வந்து சேர்ந்துடணும். டெஸ்ட்டெல்லாம் எடுத்து நாளைக்குக் காலையில ஆபரேஷன். வரலைன்னா லிஸ்ட்ல அடுத்தவருக்குக் கொடுத்துடுவோம். அப்புறம் உங்க முறை எப்ப வரும்னு சொல்ல முடியாது."

செண்பகம் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கழுகாசலம் அவள் தம்பி. கோவில்பட்டியில் கடலை மிட்டாய்க் கம்பெனியில் பாக்கெட் போடுகிறான். வெடி ஆலையில் வேலை பார்த்த காலத்தில் மருந்து வெடித்து இரண்டு கண்ணும் போயிற்று. ஒன்று போனது போனதுதான். இன்னொன்றுக்கு மட்டும், கருவிழி மாற்றினால் பார்வை வரும் என்றார்கள். அந்த ஒரு கண்ணுக்காக அக்காவும் தம்பியும் கும்பிடாத சாமி இல்லை. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே தம்பிக்குப் போன் போட்டாள்.

"தம்பி! கண்ணு வந்துடுச்சுடா! உடனே கிளம்பு!"

அந்தப் பக்கத்திலிருந்து கழுகாசலத்தின் குரல் வந்தது, கல் மாதிரி.

"யாரு நீ?"

"அக்காடா!"

"பாலன்ஸ் இல்லன்னு சொல்லுதவ எல்லாம் எனக்கு அக்காவா? வைட்டி போனை."

வைத்துவிட்டான். மறுபடி போட்டாள். "போலீஸ்ல சொல்லிருவேன்" என்று வைத்துவிட்டான். செண்பகத்துக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சந்தேகப்பட்டுக் கீழே இறங்கி வாட்ச்மேன் போனுக்கு அடித்து, அதை அவர் கையிலிருந்து பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டு, தன் போனில் "ஹலோ" என்று சொல்லிப் பார்த்தாள். வாட்ச்மேன் போனில் வேறு ஒருத்தி "ஹலோ" என்றாள். மெழுகிக் கழுவிவிட்ட மாதிரி ஒரு குரல். 'நீங்கள் தொடர்புகொள்ளும் வாடிக்கையாளர் தற்போது' என்று எல்லோருக்கும் சொல்வாளே, சாட்சாத் அவளேதான்.

கழுகாசலத்தைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. குரல் பார்த்து ஆளை அறிகிறவன் அவன். போன வருஷம் இதே மாதிரி ஒருத்தி 'ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன், கண் வந்திருக்கிறது' என்று கூப்பிட, நம்பிப் போனான். கூட்டிப் போன புரோக்கர் கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் அவனைத் தனியாக விட்டுவிட்டு ஓடிவிட்டான். தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றானாம் பாவம். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் அக்கா நம்பரைக் கொடுத்துச் சொல்லிவிட்டான்: "இனிமே எதுன்னாலும் அக்காட்ட சொல்லுங்க. அக்கா வாயால கேட்டாத்தான் நான் வருவேன்."

தம்பிக்குப் பக்கத்து வீட்டுத் தங்கம்மா மதினிக்கு அடித்தாள். மதினி குரலைக் கேட்டுப் பயந்தாள். பயந்தாலும் போய்க் கழுகாசலத்திடம் சொன்னாள். "ஒனக்கும் அடிச்சுட்டாளா? ஒரே கும்பல்தான் மதினி, எடுக்காத" என்று அவளையும் தடுத்துவிட்டான். மெசேஜ் அனுப்பலாம் என்றால் அவனுக்குப் போன்தான் படித்துக் காட்ட வேண்டும். அதுவும் அதே பாலன்ஸ்காரியின் குரலில்! நேரில் போகலாம் என்றால் மத்தியான விமானத்தைப் பிடித்தாலும் தூத்துக்குடியில் இறங்கிக் கோவில்பட்டி போய்ச் சேர அஞ்சு மணி. அதற்குள் கண் கை மாறிவிடும்.

செண்பகம் செருப்பை மாட்டிக்கொண்டு வடபழனியில் இருக்கும் கம்பெனி ஷோரூமுக்கு ஓடினாள்.

ஷோரூமில் கூட்டம் நெரிந்தது. பலகையில் 'அலைவரி'யை எடுத்துவிட்டு 'ஏகம்' என்று மாட்டிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் ஒரு ஆட்டோக்காரர் கத்திக்கொண்டிருந்தார். "எனக்குப் போன் மட்டும் போதும்யா! இந்த எழுபது சேனல் எதுக்கு? நான் ஆட்டோ ஓட்டுவனா, சீரியல் பாப்பனா?" பின்னாலிருந்து ஒரு அம்மா, "நேத்து வரைக்கும் பேசறதுக்குத் தனியா, பாக்கறதுக்குத் தனியா கட்டுனோம். இன்னிக்கு ரெண்டும் சேர்ந்துடுச்சு, பில்லு மூணா வந்திருக்கு" என்றாள். செண்பகம் வரிசையைப் பிளந்துகொண்டு மேனேஜர் நவநீதன் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

நவநீதன் அவள் நம்பரைத் தட்டிப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"மேடம், நீங்க ராஜேஸ்வரியா! எங்க அம்மா உங்க ரசிகை மேடம்!"

"சந்தோஷம்ப்பா. என் குரல் எங்க?"

"பத்திரமா இருக்கு மேடம். குரல் காவலன் பாத்துக்குது." அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். "ராஜேஸ்வரி குரல்ல பேசி எண்ணெய் விக்கறது, சீட்டு சேக்கறது, இப்படி நிறைய மோசடி நடந்துச்சு இல்லையா? அதனால திரைநதி ஒரு காவலன் வச்சிருந்தாங்க. அந்தக் குரல் எங்க கேட்டாலும் பிடிச்சுடும். இதுவரைக்கும் அவங்க ஆப்ல மட்டும்தான் இருந்துச்சு. இன்னிக்குக் கம்பெனி ஒண்ணாயிடுச்சு. அதனால எல்லாப் போன் லைன்லயும் போட்டுட்டாங்க. ராஜேஸ்வரி குரல் லைன்ல வந்தா, அதை எடுத்துட்டுப் பொதுக்குரலை வச்சிடும். உங்களைப் பாதுகாக்கத்தான் மேடம்."

"யார்கிட்டயிருந்து?"

"உங்க குரலைத் திருடறவங்ககிட்டயிருந்து."

"என் குரல்ல நான் பேசறேன். இதுல திருடன் யாருப்பா?"

நவநீதன் சங்கடமாகச் சிரித்தான். "கம்ப்யூட்டருக்கு ஒரிஜினல்னா, கம்பெனி பதிவு பண்ணி வச்சிருக்கறது மட்டும்தான் மேடம். நீங்க அதோட சாயல். நீங்க கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துலயே இருக்கு பாருங்க. 'இக்குரல் எந்தத் தொண்டையிலிருந்து வந்தாலும், எவ்விடத்தில், எவ்வேளையில் ஒலித்தாலும், அது நிறுவனத்தின் குரலே.' அன்னிக்கு நிறுவனம்னா டிவி மட்டும். இன்னிக்குப் போனும் அதுக்குள்ள வந்துடுச்சு. அவ்வளவுதான் வித்தியாசம்."

"அவ்வளவுதான் வித்தியாசமா! சரி, நான் வேற கம்பெனிக்குப் போறேன்."

"தாராளமாப் போங்க மேடம். ஆனா இருக்கற ரெண்டு மூணு பேரும் எங்க கம்பியைத்தான் வாடகைக்கு எடுத்திருக்காங்க. குரல் எங்க வழியாத்தான் போகும்." அவன் ஒரு விளம்பரத் தாளை நீட்டினான். "இதுக்குன்னே ஒரு திட்டம் இருக்கு மேடம். 'சொந்தக் குரல் பிளஸ்'. மாசச் சந்தா கட்டுனா உங்க குரலை நீங்களே உபயோகப்படுத்திக்கலாம். விண்ணப்பம் பரிசீலனைக்கு ஒரு வாரம் ஆகும்."

"ஒரு வாரமா? எனக்கு நாலு மணிக்குள்ள வேணும்யா! ஒரு கண்ணு போகுது!"

அவள் விஷயத்தைச் சொன்னாள். நவநீதன் கல்நெஞ்சன் இல்லை. இரண்டு பேருக்குப் போன் போட்டான், கெஞ்சினான். எல்லோரும் மேலிடம் என்றார்கள். மேலிடத்தில் கம்ப்யூட்டர் இருந்தது. அவன் கையை விரித்தான்.

செண்பகம் அசருகிறவளா? டப்பிங்காரிக்கு ஒரு குரல்தானா! ஷோரூம் நடுவிலேயே நின்று, நவநீதன் போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்துக்கொண்டு, தன் போனிலிருந்து ஒவ்வொன்றாகப் பேசிப் பார்த்தாள். சிறுவன் குரலில் பேசினாள், பொதுக்குரல் வந்தது. பேய்க் குரலில் சிரித்தாள், பொதுக்குரல் மரியாதையாகச் சிரித்தது. கிழவிக் குரல், போலீஸ்காரி குரல், மூக்கால் பேசும் வில்லி குரல், எல்லாமே திரைநதிக்காக ஏதோ ஒரு நாள் மைக்குக்கு முன்னால் பேசியதுதான். ஒன்றைக்கூட விடாமல் எடுத்து வைத்திருந்தான்கள் பாவிகள். வரிசையில் நின்றவர்கள் பில்லை மறந்து இவளைச் சுற்றி நின்றார்கள்.

"இன்னொரு தடவை தம்பிக்கே போடுங்கம்மா" என்றார் ஆட்டோக்காரர். "விஷயத்தைப் படபடன்னு சொல்லிடுங்க. ஒருவேளை நம்பிடுவாரு."

போட்டாள். ஸ்பீக்கரில் கழுகாசலம் எடுத்தவுடனேயே ஆரம்பித்துவிட்டான்.

"ஏட்டி, ஒனக்கு வெக்கமா இல்ல? கண்ணு தெரியாதவன்ட்டயே எத்தன தடவட்டி ஏமாத்துவ? எங்க அக்கா குரலு எப்படின்னு தெரியுமாட்டி ஒனக்கு? அவ குரல்ல பேசத் துப்பில்ல, தொழிலுக்கு வந்துட்டா கள்ளி! நீயெல்லாம் சோத்துலதான் உப்புப் போட்டுத் திங்கியா?"

செண்பகத்துக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியாது. காலையிலிருந்து அடக்கி வைத்தது எல்லாம் அடிவயிற்றிலிருந்து கிளம்பிப் பொங்கிக்கொண்டு வந்தது.

"ஏலே சவத்த மூதி! யாரப் பாத்துலே கள்ளிங்க? கூறுகெட்ட பயலே! ஒனக்கு மூக்கொழுகும்போது எம்பாவாடையில தொடச்சு விட்டேனே, அந்த நன்றி இருக்காலே ஒனக்கு? எடுபட்ட பயலே! செருப்பு பிஞ்சிரும்!"

ஸ்பீக்கரில் கழுகாசலத்தின் மூச்சு கேட்டது.

"அக்கா?" என்றான். குரல் உடைந்திருந்தது. "அக்கா, நீயாக்கா?"

"ஆமாண்டா தம்பி, நான்தான்டா" என்று செண்பகம் அழுதாள்.

"ஏய்! மறுபடியும் அவளா! எங்க அக்காவ என்னட்டி பண்ணுன?"

"போன வச்சேன்னா கைய ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன் மூதேவி!" என்று செண்பகம் அலறினாள்.

"அக்கா! இப்ப நீதான்!"

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஸ்டுடியோவில் மைக்குக்கு முன்னால் பேசுகிற குரல் வேறு. தொண்டையின் மேல்தட்டில், கொஞ்சம் மூக்கைத் தொட்டு, ஊர் வாடையே இல்லாமல் பேச வேண்டும். 'கோவில்பட்டி எட்டிப் பார்க்குதும்மா' என்று சவுண்ட் இன்ஜினியர் அதட்டி அதட்டியே அவளை மாற்றினார். இருபது வருஷத்தில் அதுவே வீட்டுக் குரலாகவும் ஆகிப்போயிற்று. டப்பிங்காரிகள் பலருக்கும் வருகிற வியாதி இது. மைக்கை அணைத்த பிறகும் அதே குரலில் காய்கறி வாங்குவார்கள். திரைநதி எடுத்துக்கொண்டது அந்தக் குரலை. திட்டுகிற குரலை எவன் எடுத்தான்? சீரியலில் மூதி என்று சொன்னால் 'பீப்' போட்டுவிடுவார்களே! அடிவயிற்றுக் குரல் எந்த மைக்கும் பார்க்காத குரல். கம்ப்யூட்டருக்கு அப்படியொருத்தியைத் தெரியவே தெரியாது.

தணிந்து பேசினால் போச்சு. பாசமாகப் பேசினால் போச்சு. ஆகவே செண்பகவல்லி தன் தம்பியின் வாழ்க்கையிலேயே பெரிய நல்ல செய்தியை, மூச்சு விடாமல் வசவாகவே சொன்னாள்.

"கேளுலே வெளங்காத பயலே! எவனோ ஒரு மகராசன் செத்தும் ஒனக்குக் கண்ணக் குடுத்துட்டுப் போயிருக்கான், அதப் போய் வாங்கிக்கிடத் துப்பில்லாம மிட்டாய்க்குப் பாக்கெட் ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கியே, நீயெல்லாம் ஒரு மனுசனாலே? தங்கம்மா மதினியக் கூட்டிக்கிட்டு இப்பமே காரு பிடிச்சு மதுரைக்குப் போலே பேதியில போறவனே! நாலு மணிக்கு மேல போனேன்னா ஆஸ்பத்திரிக்காரன் மூஞ்சியில முழிக்க மாட்டான்! போன வருசம் எவளோ சொன்ன ஓட்ட ஆஸ்பத்திரி இல்லலே கோட்டிக்காரா, நாம பதிஞ்சு வச்ச ஆஸ்பத்திரி! வாசல்ல நின்னு எனக்குப் போன் போடு, நான் டாக்டரயும் சேத்துத் திட்டுதேன்!"

"வாரேங்க்கா" என்றான் கழுகாசலம். அவன் அழுவது எல்லோருக்கும் கேட்டது. "இந்தா கெளம்பிட்டேன். திட்டாத... இல்லல்ல, திட்டு. திட்டிக்கிட்டே இரு. நீ இப்படிப் பேசிக் கேட்டு எத்தன வருசமாச்சு தெரியுமா? நீயும் டிவிக்காரி மாதிரில்லா பேச ஆரம்பிச்சுட்ட. நான் ஒண்ணும் சொல்லல, அம்புட்டுதான்."

அழுதால் பாலன்ஸ்காரி வந்துவிடுவாளே! செண்பகம் பல்லைக் கடித்துக்கொண்டு, "பேச்சக் கொறைலே, காரப் பிடி!" என்று மட்டும் சொல்லி வைத்தாள். ஷோரூமே கை தட்டியது. ஆட்டோக்காரர் நவநீதனைப் பார்த்து, "எழுதிக்கப்பா, இதுக்கு எந்தத் திட்டமும் வேணாம்" என்றார்.

மூன்றே முக்காலுக்குக் கழுகாசலம் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்துவிட்டான். மறுநாள் காலை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

ஆனால் கம்ப்யூட்டர் படிப்பதில் சூரன். ஷோரூமில் பேசிய பேச்சு முழுக்க ஏகத்தின் லைன் வழியாகத்தானே போயிற்று? இரண்டே நாளில் அடிவயிற்றுக் குரலையும் படித்துக்கொண்டது. செண்பகம் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, "கட்டு அவுக்குற வரைக்கும் கண்ணக் கசக்குனேன்னா கொன்னுருவேன் மூதி" என்றால், தம்பிக்குப் பொதுக்குரல் அதே வார்த்தைகளை மிக மரியாதையாகச் சொன்னது. அக்கா கோபப்படுகிறாளா கொஞ்சுகிறாளா என்று தெரியாமல் அவன் விழித்தான். அதோடு ஒரு நோட்டீஸும் வந்தது. பாதுகாப்பு ஏற்பாட்டை வேண்டுமென்றே ஏமாற்றியதற்காக அவள் இணைப்பு ரத்தாகும், அபராதம் உண்டு. ஆனால் அந்த இரண்டாவது குரலையும் எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லாம் மன்னிக்கப்படும், ஆயுள் முழுக்கப் போன் இலவசம். 'மண்வாசனை மிக்க ஒரு புதிய மாமியார் பாத்திரத்துக்கு அக்குரல் மிகப் பொருத்தமாக இருக்கும்' என்று வேறு எழுதியிருந்தான்.

செண்பகம் அதை ஒரு தடவை படித்தாள். டீக்கடையில் வாங்கிய வடையை அதில் வைத்து எண்ணெயைப் பிழிந்து தின்றாள். பிறகு நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டாள். வக்கீல் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். "எனக்காக இன்னொருத்தர் பேசற கஷ்டம்தான் எனக்கு. அதுக்கும் ஒரு ஆளை வைக்கவா?" என்றாள்.

விசாரணை அன்றைக்கு ஹால் நிறைந்திருந்தது. ஷோரூமில் பார்த்த முகங்கள் நிறைய இருந்தன. ஆட்டோக்காரர் சவாரியை விட்டுவிட்டு வந்திருந்தார். சாலிகிராமத்து டப்பிங்காரிகள் இரண்டு பெஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கழுகாசலம், அக்காவை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டே இருந்தான். பார்த்து ஆறு வருஷமாகிறதே.

ஆணையத் தலைவர் அமலோற்பவம் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக் கேட்டார். "கம்பெனி என்ன சொல்லுது?"

ஏகத்தின் வக்கீல் கிரிதரன் எழுந்தார். பேச்சில் நல்ல கெட்டிக்காரர். "ரொம்பச் சின்ன விஷயம்மா. மனுதாரர் தன் குரலைக் கேக்கறாங்க. ஆனா அது அவங்க குரல் இல்ல. நல்ல விலை வாங்கிட்டு எழுதிக் கொடுத்தது. இந்தக் குரல் எந்தத் தொண்டையிலிருந்து வந்தாலும், எந்த இடத்துல, எந்த நேரத்துல ஒலிச்சாலும், அது நிறுவனத்தின் குரல். ஒப்பந்தம் தெளிவா இருக்கு."

"இந்த ஹாலுக்குள்ளயுமா?" என்று செண்பகம் கேட்டாள்.

"எங்கயும்தான்."

"இப்ப நான் வாயைத் திறந்து பேசினாலும்?"

"அந்தக் குரல்ல பேசினா, அது ஏகத்தோட குரல்தான். அதுல மாத்தமில்லை."

"அம்மா, இதைக் கொஞ்சம் பதிவு பண்ணச் சொல்லுங்க" என்றாள் செண்பகம். அமலோற்பவம் தலையசைத்தார். குமாஸ்தா பதிந்துகொண்டார்.

செண்பகம் தொண்டையைச் செருமினாள். முதுகை நிமிர்த்தி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு வாயைத் திறந்தபோது ஹாலுக்குள் ராஜேஸ்வரி வந்து நின்றாள். தமிழ்நாடே எட்டு மணிக்குக் கேட்டுக் கேட்டு அழுத அந்தக் குரல், நிறுத்தி நிதானமாக, ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது.

"ஏகம் நிறுவனம் பேசுகிறேன். நாங்கள் செய்தது தப்பு. ஊரில் இருந்த கம்பெனிகளையெல்லாம் வாங்கிவிட்டு, பிடிக்காவிட்டால் வேறு கம்பெனிக்குப் போங்கள் என்று சொன்னோம். போன் மட்டும் கேட்டவர் தலையில் எழுபது சேனலைக் கட்டினோம். ஒரு பெண்ணின் குரலை அவள் தொண்டையிலிருந்து பிடுங்கி, அதை அவளுக்கே வாடகைக்கு விடப் பார்த்தோம். அதனால் பார்வையில்லாத ஒருவருக்கு வந்த கண் கைநழுவிப் போக இருந்தது. போகாமல் தடுத்தது நாங்கள் இல்லை. மனுதாரரின் கோரிக்கை முழுவதையும் ஏற்றுக்கொள்கிறோம். அவரவர் குரல் அவரவருக்கு. இதற்கு இனி சந்தா கிடையாது."

பின் பெஞ்சில் யாரோ ஒரு அம்மா பழக்கதோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அமலோற்பவம் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தார்.

"குமாஸ்தா, எழுதிக்குங்க. எதிர்த்தரப்பு நிறுவனம், தன் சொந்தக் குரலில், குற்றத்தை ஒப்புக்கொண்டது. கோரிக்கையையும் ஏற்றுக்கொண்டது. மேற்கொண்டு விசாரணை தேவையில்லை..."

கிரிதரன் துள்ளி எழுந்தார். "ஆட்சேபம்! ஆட்சேபிக்கிறேன்மா! இது எப்படி ஒப்புதலாகும்? கம்பெனி எங்க பேசிச்சு? கம்பெனி ஒரு வார்த்தைகூடப் பேசலையே!"

"அப்படியா?" என்றார் அமலோற்பவம். "எந்தத் தொண்டையிலிருந்து வந்தாலும்னு இப்பத்தானே சொன்னீங்க, பதிவாயிருக்கே. நான் கேட்டது ஏகத்தோட குரல். இல்லைன்னா வேற யார் பேசினதுன்னு நீங்களே சொல்லுங்க வக்கீல் சார். அதையும் எழுதிக்கறேன்."

கிரிதரன் தன் கட்சிக்காரர்களைப் பார்த்தார். கோட்டுப் போட்ட மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒப்பந்தத் தாளை ஒரு முறை புரட்டினார், மூடினார். குமாஸ்தா காத்திருந்தார். கழுகாசலம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வக்கீலின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தம்மாதான்" என்றார் வக்கீல், மெதுவாக. "அந்தம்மாதான் பேசினாங்க."